அரைக்கிணறு தாண்டாத திரை

கணினித் திரையிலோ கைத்தொலைபேசித் திரையிலோ ஒரு படம் அசைவதைப் பார்ப்பவர், அங்கே யாதொரு பரபரப்பும் நிகழ்வதாக எண்ணுவதில்லை. எழுத்துகள் மெல்ல மேலே நகர்கின்றன. ஒரு சாளரம் திறக்கிறது. சலனப்படம் தடையின்றி ஓடுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் இந்த அமைதி தானாக வாய்த்ததன்று. செக்கனுக்கு அறுபது தடவை, ஒரு காட்சி கலைந்து வேறொரு காட்சி அதன் இடத்தில் அமைகிறது. அந்த மாற்றம் முழுமையாக நிகழவேண்டும். அன்றேல் நிகழாமலே இருக்கவேண்டும். பாதியில் நின்றுபோகும் மாற்றமே ஆபத்தானது. அரைக்கிணறு தாண்டியவன் கிணற்றுக்குள்தான் விழுவான் என்று முன்னோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

திரைமாற்றம் அரைக்கிணறு தாண்டாமல் இருப்பதற்கு லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் என்ன வழி கண்டார்கள்? அந்த வழியை எழுத்தில் விளக்கி வைப்பது, அதை ஆக்குவதற்கு நிகரான வேலையானது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது பயனுடையது.

முதலில், திரை தன் படத்தை எவ்வாறு பெறுகிறது என்று பார்ப்போம். 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட ஒரு சாதாரணத் திரையில் 2,073,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிப்பதற்கு நான்கு பைட்டு எனக் கொண்டால், ஒரு படத்துக்கு ஏறத்தாழ 83 இலட்சம் பைட்டு நினைவகம் தேவை. இதனைச் செக்கனுக்கு 60 தடவை எடுத்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். ஏறக்குறைய 50 கோடி பைட்டு ஒவ்வொரு செக்கனிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெக்கன் மட்டுமே.

படம் திரைக்கு ஒரேயடியாகச் செல்வதில்லை. புத்தகத்தை வாசிப்பது போல, மேல் வரியில் இடமிருந்து வலமாகத் தொடங்கி, வரிவரியாகக் கீழே இறங்குகிறது. கடைசி வரி முடிந்ததும் மிகச் சிறிய ஓர் இடைவேளை உண்டு. பழைய கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரைகளில், கீழே சென்ற கதிர் மீண்டும் மேலே ஏறுவதற்கு அந்த இடைவேளை வேண்டியிருந்தது. இன்றைய தட்டைத் திரைகளில் கதிரும் இல்லை, குழாயும் இல்லை. இடைவேளை மட்டும் இன்னும் இருக்கிறது.

இந்த இடைவேளையை நாடக மேடையின் முன்திரை விழும் நேரத்துக்கு ஒப்பிடலாம். அரண்மனைக் காட்சி முடிந்து காட்டுக் காட்சி வரவேண்டுமாயின், முன்திரை விழுந்திருக்கும்போதே சிங்காசனத்தை அகற்றி மரங்களை நிறுத்திவிட வேண்டும். திரை எழுந்தபின் ஒருவர் சிங்காசனத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் சபையோர் நகைப்பர். கணினித் திரையிலும் அப்படியே. வரிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது படத்தை மாற்றினால், மேற்பாதியில் பழைய படமும் கீழ்ப்பாதியில் புதிய படமும் தோன்றி, நடுவே துணி கிழிந்தது போன்ற ஒரு கோடு தெரியும்.

திரைக்குப் படத்தை அனுப்பும் வன்பொருளை ஆள்வது, பணிசெயல் முறைமையின் உட்கருவில் அமைந்த சாதனச் செலுத்தி என்னும் மென்பொருள். அதன் ஆட்சிக்கு உட்பட்ட உறுப்புகள் பல. படத்தின் புள்ளிகள் கிடக்கும் நினைவகப் பகுதி ஒன்று. அதனைப் படச் சேமிப்பு எனலாம். அந்தப் படத்தை எடுத்து, வெட்டி, பெருப்பித்து, உரிய இடத்தில் வைக்கும் படத்தளங்கள் அடுத்தவை. பின்னணிக்கு ஒரு தளம், சலனப்படத்துக்கு ஒரு தளம், சுட்டிக்கு ஒரு தளம் என ஒன்றின்மேல் ஒன்றாக அவை அடுக்கப்படும். அடுக்கிய தளங்களை ஒரே படமாக்கிக் காலக்கணக்குடன் வெளியே அனுப்பும் கருவிக்குச் சி.ஆர்.டி.சி. என்று பெயர். கதோட்டுக் கதிர்க் குழாய்க் கட்டுப்பாட்டுக் கருவி என்பதே அதன் விரிவு. குழாய் மறைந்த பின்னரும் பெயர் மறையவில்லை. இறுதியாக, திரையின் கம்பி வந்து சேரும் இணைப்பு வாய் இருக்கிறது.

பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் உட்கருவில், திரையின் அளவையும் வேகத்தையும் அமைக்கும் பொறுப்பு நெடுங்காலம் இருக்கவில்லை. வெளியே இயங்கிய எக்ஸ் என்னும் சாளர மென்பொருளே பெரும்பாலும் நேரடியாக வன்பொருளைத் தொட்டு அதனைச் செய்தது. 2009 மார்ச்சில் வெளிவந்த 2.6.29 பதிப்பில் அப்பொறுப்பு உட்கருவுக்கு வந்தது. அது பெரிய முன்னேற்றம். எனினும் அன்று வகுத்த கட்டளைகள் தனித்தனியானவை. திரையின் அளவை அமைக்க ஒரு கட்டளை, பின்னணிப் படத்தை மாற்ற ஒன்று, மேல்தளத்தை நகர்த்த ஒன்று, சுட்டிக்கு ஒன்று என்று அவை பிரிந்து கிடந்தன.

இதனால் வந்த இடர்ப்பாடு யாது? சலனப்படம் ஓடும் ஒரு சாளரத்தை ஒருவர் நகர்த்துகிறார் எனக் கொள்வோம். சாளரத்தின் சட்டம் ஒரு தளத்திலும், படம் வேறொரு தளத்திலும் இருக்கின்றன. ஆகவே இரண்டு கட்டளைகள் வேண்டும். அவ்விரண்டுக்கும் நடுவே அந்தச் சிறிய இடைவேளை வந்து போய்விட்டால், சட்டம் புதிய இடத்திலும் படம் பழைய இடத்திலும் ஒரு கணம் தோன்றும். இதனினும் கொடியது மற்றொன்று. ஒரு கணினியுடன் இரண்டு திரைகளை இணைக்கும்போது, முதலாவது திரைக்குப் புதிய அமைப்பைக் கொடுத்தாயிற்று. இரண்டாவது திரைக்குக் கொடுக்க முனைந்தபோது நினைவகத்தின் வேகம் போதாது என்று வன்பொருள் மறுத்துவிட்டது. பழைய ஒழுங்கு குலைந்துவிட்டது. புதிய ஒழுங்கு நிறைவேறவில்லை. பாவனையாளர் முன்னே இருப்பது ஒரு கறுத்த திரை. எதனைச் சொடுக்கித் திருத்துவது என்று காண்பதற்கும் அவருக்குத் திரை வேண்டுமன்றோ?

இந்த நோய்க்கு மருந்து கணினித் துறையின் வேறொரு பகுதியில் ஏற்கெனவே இருந்தது. வங்கியில் ஒருவருடைய கணக்கிலிருந்து பணத்தைக் கழித்து மற்றொருவர் கணக்கிற் சேர்க்கும்போது, கழித்தல் நடந்து சேர்த்தல் நடவாமல் நின்றால் பணம் மாயமாகிவிடும். ஆதலால் தரவுத்தள அறிஞர்கள் இரண்டு செயலையும் ஒரே கொடுக்கல் வாங்கலாகக் கட்டினர். கட்டு முழுவதும் நிறைவேறும். இல்லையேல் தொடங்கு முன் இருந்த நிலையே நிலைக்கும். இக்கருத்தின் நன்மைகளையும் எல்லைகளையும் ஆராய்ந்து அமெரிக்க அறிஞர் ஜிம் கிரே 1981இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் இக்கருத்தின் வேரை ஒப்பந்தச் சட்டத்திலே காட்டி, திருமணச் சடங்கை உதாரணமாக எடுத்தாண்டார். தேவாலயத்தில் குருவானவர் மணமகனிடம் சம்மதம் கேட்கிறார், மணமகளிடமும் கேட்கிறார். இருவரும் உடன்பட்ட பின்னரே திருமணம் நிறைவேறிற்று என்று அறிவிக்கிறார். ஒருவர் மறுத்தால் மற்றவர் கொடுத்த சம்மதத்துக்குப் பயனில்லை. முதலிற் கேட்டல், பின்னர் அறிவித்தல் என்னும் இரண்டு படிகளிலேயே இம்முறை முழுவதும் அடங்கும்.

திரைக்கும் இதே ஏற்பாடு வேண்டும் என்ற எண்ணம் 2012ஆம் ஆண்டளவில் லினக்ஸ் வரைவியற் செலுத்திகளை ஆக்குவோரிடையே வலுப்பெற்றது. கைத்தொலைபேசிகளில் பயன்படும் சில்லுகளிற் பல தளங்கள் இருந்தமையும் இதற்கு ஒரு தூண்டுதல். பல வரைவுகள் வந்தன, விவாதிக்கப்பட்டன, திருத்தப்பட்டன. 2015 பெப்ரவரியில் வெளிவந்த 3.19 பதிப்பில் உள்ளமைப்பு சேர்ந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த 4.2 பதிப்பில், வெளி மென்பொருள்கள் யாவும் கையாளக்கூடிய கட்டளையாக அது திறந்துவிடப்பட்டது. இதற்கு அட்டாமிக் என்று பெயர். அணுகுண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பகுக்க இயலாதது என்னும் பழைய பொருளிலேயே அச்சொல் இங்கு வழங்குகிறது.

புதிய முறையில், வேண்டிய மாற்றங்கள் எல்லாம் ஒரே விண்ணப்பத்தில் எழுதப்படுகின்றன. இன்ன தளத்துக்கு இன்ன படம், இன்ன இடம், இன்ன அளவு, இன்ன திரைக்கு இன்ன வேகம் என்று ஒரே பட்டியல் செல்கிறது. உட்கரு அதனைக் கண்டவுடன் வன்பொருளிற் கைவைப்பதில்லை. மாற்றத்துக்கு உள்ளாகும் உறுப்புகளின் தற்போதைய நிலையைப் பிரதி எடுக்கிறது. பிரதியிலே மாற்றங்களை எழுதுகிறது. பின்னர், இவ்வாறு அமைந்தால் உன்னால் இயலுமா என்று செலுத்தியைக் கேட்கிறது. இதுவே சரிபார்க்கும் படி. ஏதாவது ஓர் உறுப்பு இயலாது என்றால், பிரதி கிழித்தெறியப்படும். திரையில் ஓடிய காட்சி ஓடியபடியே இருக்கும். எல்லாம் இயலும் என்றால் நினைவகம் முதலிய தேவைகள் ஆயத்தமாக்கப்படும். அதன்பின் பழைய நிலையும் புதிய நிலையும் இடம்மாற்றப்படும். அந்த இடமாற்றமே மீளமுடியாத எல்லை. அதற்கு அப்பால் மறுப்புக்கு இடமில்லை. சொன்னதைச் செய்தே ஆகவேண்டும்.

சரிபார்க்கும் படியை மட்டும் தனியே கேட்கவும் இம்முறை இடந்தருகிறது. விண்ணப்பத்தில் 'சோதனை மட்டும்' என்று குறித்தால், உட்கரு சரிபார்த்து விடை கூறிவிட்டு, எதனையும் மாற்றாமல் நின்றுவிடும். இதன் பயன் பெரிது. ஒரு வன்பொருளில் எத்தனை படங்களைப் பெருப்பிக்கலாம், எந்த அளவில் எத்தனை தளங்களை ஒருங்கே காட்டலாம் என்பன ஒன்றோடொன்று பின்னிய நிபந்தனைகள். அவற்றை அட்டவணையாக எழுதிமுடிக்க இயலாது. ஆகவே சாளரங்களை ஒழுங்குசெய்யும் மென்பொருள், ஓர் அமைப்பைச் சொல்லிக் கேட்கிறது. இயலாது என்றால் இன்னோர் அமைப்பைக் கேட்கிறது. எதுவும் இயலாதபோது, எல்லாச் சாளரங்களையும் தானே ஒரே படமாகத் தீட்டிக் கொடுக்கிறது. இத்தனை கேள்வியும் விடையும் ஒரு படத்துக்குரிய அந்த 16.7 மில்லிசெக்கனுக்குள் நடக்கவேண்டும்.

இவ்வளவும் சிறந்த ஏற்பாடுதான். ஆனால் இது நிலைப்பது யாருடைய கையில்? உட்கருவின் நடுப்பகுதியை எழுதியவர்கள் சிலர். செலுத்திகளை எழுதுவோரோ பல நாடுகளில், பல நிறுவனங்களில், ஒருவரை ஒருவர் காணாமல் வேலை செய்யும் பலர். நடுப்பகுதி ஒரு வாக்குறுதியை மட்டுமே வகுக்க முடியும். ஒவ்வொரு செலுத்தியும் அதனைக் காப்பாற்றினால்தான் அது மெய்யாகும். அவ்வாக்குறுதியின் நிபந்தனைகளை எழுதி வைக்காவிடில், ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி பொருள் கொள்வர். விளக்க ஆவணம் இங்கே அலங்காரமன்று. காணியின் எல்லையைக் குறிக்கும் உறுதியைப் போன்றது அது.

ஓர் உதாரணம் கூறலாம். பெருப்பிக்கும் உறுப்புகள் இரண்டே உள்ள ஒரு சில்லுக்கு ஒருவர் செலுத்தி எழுதுகிறார் எனக் கொள்வோம். சரிபார்க்கும் படியில், ஓர் உறுப்பு எடுத்தாயிற்று என்று தமது சொந்தக் குறிப்பில் ஒரு எண்ணைக் கூட்டிவைக்கிறார். பார்வைக்கு இதிற் பிழையில்லை. ஆனால் வந்த விண்ணப்பம் 'சோதனை மட்டும்' என்று குறிக்கப்பட்டதாயின், உறுப்பு உண்மையில் எடுக்கப்படவேயில்லை. எண் மட்டும் கூடிவிட்டது. இத்தகைய சோதனை இரண்டு நடந்தால், எந்த உறுப்பும் வேலை செய்யாதிருக்கும்போதே, இடமில்லை என்று செலுத்தி மறுக்கத் தொடங்கும். இதைத் தடுப்பது ஒரே ஒரு விதி: சரிபார்க்கும் படியில் வன்பொருளைத் தொடலாகாது, கையிற் கொடுத்த பிரதியையன்றி வேறெந்தக் குறிப்பையும் மாற்றலாகாது. லினக்ஸ் ஆவணங்கள் இவ்விதியை வெளிப்படையாகக் கூறுகின்றன. ஒரே விண்ணப்பத்துக்கே சரிபார்க்கும் படி மீண்டும் மீண்டும் அழைக்கப்படலாம் என்றும் எச்சரிக்கின்றன. எந்த மறுப்புக்கு என்ன பொருள் என்றும் வரையறுக்கின்றன. வேண்டுகோள் செல்லாது என்பது ஒரு மறுப்பு. இரு வேலைகள் ஒரே பூட்டுகளுக்காக ஒன்றையொன்று காத்து நிற்கின்றன, கைவிட்டு மறுபடி தொடங்குக என்பது வேறொரு மறுப்பு. இரண்டையும் ஒன்றாக எண்ணுபவர் நல்ல விண்ணப்பத்தையும் தள்ளிவிடுவார்.

வாக்குறுதியின் எல்லையைக் கூறுவதும் ஆவணத்தின் கடமை. பகுக்க இயலாதது என்றால், இணைந்துள்ள எல்லாத் திரைகளும் ஒரே கணத்தில் மாறும் என்று ஒருவர் எண்ணக்கூடும். அப்படியன்று. ஒரே சி.ஆர்.டி.சி.யின் கீழுள்ள தளங்கள் ஒரே இடைவேளையில் ஒன்றாக மாறும். வெவ்வேறு திரைகளுக்கு வெவ்வேறு காலக்கணக்கு உண்டு. விண்ணப்பம் ஒன்றாக ஏற்கப்பட்டாலும், ஒவ்வொரு திரையும் தன்தன் இடைவேளையிலேயே மாறும். அதுபோலவே, திரையை ஒரு கணம் இருளாக்கி மீண்டும் ஏற்றவேண்டிய பெரிய மாற்றங்கள் சில உண்டு. அவற்றுக்கு உடன்பாடு என்று மென்பொருள் தனியே குறித்தாலன்றி உட்கரு அவற்றைச் செய்யாது. இத்தகைய எல்லைகளைச் சொல்லாத ஆவணம், பொய் சொல்லிய ஆவணத்துக்கு நிகராகும்.

ஆவணம் எங்கே எழுதப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. லினக்ஸ் உட்கருவில் பெரும்பகுதி விளக்கம், நிரலின் உள்ளேயே, அது விளக்கும் செயலுக்கு மிக அருகில், குறிப்பாக எழுதப்படுகிறது. தனி அடையாளத்துடன் தொடங்கும் அக்குறிப்புகளை ஒரு கருவி திரட்டி நூலாக அமைத்துக் கொடுக்கிறது. 2016இல் இவ்வாறு நூலாக்கும் முறை புதுப்பிக்கப்பட்டு, எழுதுவது எளிதாக்கப்பட்டது. நிரலும் விளக்கமும் ஒரே தாளில் இருப்பதால், ஒன்றைத் திருத்துபவர் கண்ணில் மற்றதும் படும். அலுமாரியில் வேறாகப் பூட்டிவைத்த விளக்கம் நாளடைவிற் பழங்கதையாகிவிடும். ஆயினும் சிறு குறிப்புகள் மட்டும் போதா. ஒவ்வொரு செங்கல்லையும் விவரித்தாலும் வீட்டின் அமைப்பு விளங்காது. ஆதலால், இம்முறை முழுமைபெற்ற 2015 ஓகஸ்டிலேயே, அதனை உருவாக்கியோருள் ஒருவரான டானியேல் வெட்டர், அமைப்பின் கருத்தை முழுமையாக விளக்கி எல்.டபிள்யு.என். என்னும் லினக்ஸ் செய்தி இதழில் இரு பகுதிகளாகக் கட்டுரை எழுதினார்.

இவ்வளவு விளக்கம் இருந்தும், கருத்தைக் கொள்ளாமல் சொல்லை மட்டும் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு 2019ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984இல் தோன்றிய எக்ஸ் மென்பொருளின் ஒரு பகுதி, பழைய கட்டளைகளை நீக்கிப் புதிய முறைக்கு மாறியிருந்தது. ஆனால் அது பழைய கட்டளை ஒவ்வொன்றுக்கும் ஈடாகப் புதிய கட்டளை ஒன்றை வைத்ததேயன்றி வேறொன்றுமில்லை. பழைய முறையில், பயனற்றுப்போன இணைப்பு வாய்கள் தாமாகவே அணைந்துவிடும். புதிய முறையில் அதனை மென்பொருளே வெளிப்படையாகக் கேட்கவேண்டும். எக்ஸ் கேட்கவில்லை. 'சோதனை மட்டும்' என்னும் வசதியை அது ஓரிடத்திலேனும் பயன்படுத்தவில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்த செய்யுள் போல, எல்லாம் இருந்தும் பொருள் இல்லை.

உட்கரு ஆக்குவோருக்கு இது தருமசங்கடமான நிலை. நேற்று வேலை செய்த மென்பொருள், உட்கருவைப் புதுப்பித்ததனால் இன்று நின்றுவிடக்கூடாது என்பது அவர்களுடைய உறுதியான விதி. ஆகவே வழக்கத்துக்கு மாறான ஒரு தீர்வை மேற்கொண்டனர். புதிய முறையைக் கேட்டுவரும் மென்பொருளின் பெயர் எக்ஸ் என்னும் எழுத்தில் தொடங்கினால், அதற்கு அம்முறை இல்லை என்று உட்கரு கூறிவிடும். அது பழைய கட்டளைகளுக்குத் திரும்பிச் செல்லும். பாவனையாளர் திரை கெடாது. பின்னொரு காலத்தில் திருந்தி வருவதாயின், வேறோர் எண்ணைக் குறித்துக் கேட்கலாம் என்று வாயிலொன்றும் திறந்து வைக்கப்பட்டது.

புதிதாகச் சேர்க்கப்படும் வசதிகளுக்கும் இன்று நெறிமுறை உண்டு. திரையின் பண்பு ஒன்றைப் புதிதாக அறிமுகப்படுத்த விரும்புபவர், அதன் பெயரையும் பொருளையும் ஏற்கத்தக்க பெறுமானங்களையும் முழுமையாக எழுதி வைக்கவேண்டும். அப்பண்பைத் தொடாத பழைய மென்பொருளுக்கு, முன்பிருந்த நடத்தையே தொடரவேண்டும். பொருத்தமான இடங்களிற் சோதனை நிரலும் சேர்க்கப்படவேண்டும். ஒரு நிறுவனம் தன் வன்பொருளுக்கு மட்டும் உரிய பொருளை இரகசியமாக வைத்துக்கொண்டால், அதே பெயரை மற்றொரு நிறுவனம் வேறு பொருளில் வழங்கும். இரண்டையும் நம்பி எழுதிய மென்பொருள் இரண்டிலும் கெடும். எழுதாத பொருள் பொதுப் பொருளாகாது என்பதே இந்நெறியின் சாரம்.

கொடுக்கல் வாங்கல் என்பது நம்பிக்கையின் மேல் நிற்பது. சரிபார்க்கும் படியில் இயலும் என்று சொன்ன செலுத்தி, நிறைவேற்றும் படியிற் கையை விரித்தால், முறை முழுவதும் வீணாகும். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒருவர் எழுதிய செலுத்தி அந்தச் சொல்லைக் காப்பாற்றவேண்டுமாயின், அந்தச் சொல் இன்னதென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனைத் தெரிவிப்பவை நிரலின் ஓரத்தில் எழுதிய சில வரிகள். திரையில் சலனப்படம் தடையின்றி ஓடும்போது, பார்ப்பவர் அவ்வரிகளை அறியார். அறியவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. செக்கனுக்கு அறுபது தடவை கிணறு தாண்டப்படுகிறது. ஒரு தடவையேனும் பாதியில் நில்லாதபடி, அந்தச் சில வரிகள் காவல் இருக்கின்றன.